துப்பறியும் நாவலும் நமது தோழர்களும்

சென்ற மாதத்தில் ஒருநாள், நமது தோழர்கள் நடத்திவரும் ஒரு படிப்பகத்துக்குப் போக நேர்ந்தது. ஊர்ப் பெயர் இங்கு வேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும், தையல்காரர்களும், பஸ் கண்டக்டர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சாயங்கால நேரத்தில் வந்து உட்கார்ந்து நாலு பக்கம் படித்துவிட்டுப் போகிற இடம் அது. அங்கு சுவரோரத்து அலமாரி ஒன்று காலியாகக் கிடக்கக் கண்டு, "இதிலிருந்த புஸ்தகங்கள் எங்கே?" என்று விசாரித்தோம். அவை யாவும் துப்பறியும் நாவல்கள் என்றும், இனி அவற்றைப் படிப்பகத்தில் வைப்பதில்லையென்று கமிட்டியார் தீர்மானம் செய்துவிட்டார்கள் என்றும், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காக நான்கு சாக்குகளில் கட்டிப் பின்கட்டில் வைத்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.

காரணம் கேட்டதற்கு, "பகுத்தறிவுப் பிரசாரத்துக்காக ஏற்பட்ட இடத்தில் கொலைக்கதைக்கு என்ன வேலை? படித்தால் அறிவு வளர்கிற புஸ்தகமாகப் படிக்கவேண்டும். இவை வெறும் பொழுதுபோக்குச் சரக்கு, இளைஞர்களைக் கெடுக்கும்" என்பதாகப் பதில் வந்தது. சொன்னவர் யோக்கியமானவர், இயக்கத்துக்காகப் பல கஷ்டங்களை அனுபவித்தவர். ஆதலால் அவர் மீது நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளை அதே ஊர்க் கோவில் மண்டபத்தில் இராமாயண காலட்சேபம் செய்கிற பாகவதரைக் கொண்டு சொல்லச் சொல்லியிருந்தால், ஓர் எழுத்துக்கூட மாறாமல் சொல்லியிருப்பார். வைதிகனும் சுயமரியாதைக்காரனும் ஒரே காரணத்தைச் சொல்லி ஒரே புஸ்தகத்தைத் தூக்கி எறிகிறார்கள் என்றால், இருவரில் எவரோ ஒருவர் ஏமாந்து போயிருக்கவேண்டும் அல்லவா? பாகவதர் ஏமாறுகிறவரல்ல.

முதலில் பாகவதர் சங்கதியைப் பார்ப்போம். நாவல் படித்தால் ஒழுக்கம் கெடுமாம். யார் சொல்லுவது? இந்திரன் கௌதம முனிவன் வேஷம் போட்டுக்கொண்டு அகலிகையிடம் போன கதையையும், கிருஷ்ணன் ஆற்றங்கரையில் பெண்களின் சேலைகளைத் திருடிக்கொண்டு மரத்தின்மேல் ஏறிய கதையையும், பெண்டு பிள்ளைகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் ராகம் போட்டுச் சொல்லுகிறவர்கள்! துப்பறியும் நாவலிலும் சேலை திருடுகிறவன் வருகிறான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவன் கையில் விலங்கு ஏறுகிறது. காலட்சேபத்திலோ அவனுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். எதைக் கேட்டு எவன் கெட்டுப்போவான் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். இவர்களோடு இதற்கு மேல் பேச்சில்லை.

நமது தோழர்களோடுதான் பேச்சு.

துப்பறியும் கதைக்கு ஒரு சட்டம் உண்டு. அதை எழுதி வைத்தவர் யார் என்று தெரிந்தால் படிப்பகக் கமிட்டியார் ஆச்சரியப்படுவார்கள். இங்கிலாந்து தேசத்தில் ரொனால்ட் நாக்ஸ் என்று ஒருவர் 1929ஆம் வருஷத்தில் இந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். இவர் நாஸ்திகரல்ல. கத்தோலிக்கப் பாதிரியார்; பிற்காலத்தில் பைபிளையே இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். இவருடைய இரண்டாவது கட்டளை, இயற்கைக்கு மேற்பட்ட சக்தி எதுவும் கதைக்குள் தலைகாட்டவே கூடாது என்பது. காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வினாலோ, தற்செயலாய் வாய்த்த அதிர்ஷ்டத்தினாலோ துப்பறிகிறவர் உண்மையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது என்பது ஆறாவது. தான் கண்ட துப்பு எதையும் வாசகனுக்கு உடனே காட்டிவிடவேண்டும், மறைக்கக்கூடாது என்பது எட்டாவது. மறுவருஷம், அதாவது 1930இல், லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு முதல் தலைவர் செஸ்டர்ட்டன். இவரும் கத்தோலிக்கர், இவர் எழுதிய கதைகளில் துப்பறிகிறவரே பிரௌன் என்னும் ஒரு பாதிரியார்தான். அந்தச் சங்கத்தில் சேருகிறவர்கள், தங்கள் கதையில் தெய்வ வாக்கையோ கடவுள் செயலையோ துணைக்குக் கூப்பிடுவதில்லையென்று சத்தியம் செய்து கொடுக்கவேண்டும்.

தோழர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காலையில் மாதா கோவிலில் அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற பாதிரியார், சாயங்காலம் கதை எழுத உட்கார்ந்தால், கடவுளைச் செருப்போடு சேர்த்து வாசற்படிக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஏன்? கடவுள் உள்ளே வந்தால் கதை நடக்காது. பூட்டிய அறைக்குள் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார், இருநூறு பக்கம் கழித்து, "அது விதி" என்றோ, "முனி அடித்துவிட்டது" என்றோ முடித்தால், நெற்றி நிறையப் பட்டை போட்ட பக்தர்கூடப் புஸ்தகத்தை விட்டெறிந்து, "காசை ஏமாற்றிவிட்டானே பாவி!" என்று கூப்பாடு போடுவார். தன் சொந்த வீட்டில் பிள்ளை செத்தால் விதி என்று ஒப்புக்கொள்ளுகிற அதே மனிதர், கதையில் ஒரு ஜமீன்தார் செத்ததற்கு விதி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேனென்கிறார்! அந்த இருநூறு பக்கம் வரைக்குமாவது அவர் நம்மவர். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவர நாம் எத்தனை மேடை போட்டிருக்கிறோம், எத்தனை கல்லடி பட்டிருக்கிறோம் என்பதைத் தோழர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க, துப்பறிவதற்கு நமது கிராமங்களில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. அதற்கு மை போட்டுப் பார்ப்பது என்று பெயர். பண்ணையார் வீட்டில் ஒரு மூக்குத்தி காணாமற்போனால், மைக்காரனை அழைத்துவந்து, வெற்றிலையில் மையைத் தடவிப் பார்க்கச் சொல்லுகிறார்கள். அவன் என்ன சொல்லுகிறான்? "எடுத்தது வெளியாளல்ல, வீட்டுக்கு வந்து போகிற கை, கறுத்த உருவம், கிழக்கேயிருந்து வருகிறது" என்கிறான். அந்த வீட்டுக்கு வந்து போகிற கறுத்த உருவம் யார்? சாணி அள்ளுகிறவளும் பாத்திரம் துலக்குகிறவளும்தானே! கிழக்கே இருப்பது எது? சேரிதானே! பண்ணையாருடைய மைத்துனர் சீட்டாட்டத்தில் தோற்று நிற்கிறார் என்பது மையில் எந்தக் காலத்திலாவது தெரிந்திருக்கிறதா? தெரியாது. மைக்காரனுக்குக் கூலி கொடுப்பது மைத்துனர் இருக்கிற வீடு. ஆகவே வேலைக்காரியை மரத்தில் கட்டி அடிக்கிறார்கள். மூக்குத்தி பிறகு அண்டாவுக்கடியில் அகப்பட்டாலும், பட்ட அடி பட்டதுதான்.

இந்த மைக்கு எதிர்ச்சரக்கு என்ன என்று கேட்கிறோம். அன்று அறைக்குள் போனவர்கள் யார் யார், எத்தனை மணிக்கு, ஜன்னல் திறந்திருந்ததா, அண்டாவை நகர்த்திப் பார்த்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற வழக்கந்தான் எதிர்ச்சரக்கு. அந்த வழக்கத்தைச் சட்டப் புஸ்தகத்தைப் படித்துக் கற்றுக்கொள்ள எல்லோராலும் முடியுமா? தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு நாவலைப் படிக்கிறவன் தன்னையறியாமலே அதைக் கற்றுக்கொள்ளுகிறான்.

ஆர்தர் கானன் டாயில் என்பவர் 1887 முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிகிறவரை வைத்து நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளும் எழுதினார். 1924இல் வந்த ஒரு கதையில், ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாயை வைத்து ரத்தம் உறிஞ்சுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். அவள் வேற்று தேசத்தவள். ரத்தம் குடிக்கிற பிசாசு என்று வீடே அவளைக் கண்டு நடுங்குகிறது. ஹோம்ஸ் வந்து விசாரிக்கிறார். மூத்தாள் மகன் பொறாமையினால் குழந்தையை விஷம் தடவிய அம்பினால் குத்தியிருக்கிறான். அந்த விஷத்தைத்தான் தாய் உறிஞ்சித் துப்பியிருக்கிறாள்! குழந்தையைக் காப்பாற்றியவளுக்குக் கிடைத்த பட்டம் பிசாசு. இது சீமைக் கற்பனை என்று தள்ளிவிடலாமா? நமது தேசத்தில் சூனியக்காரி என்று பெயர் சூட்டி ஸ்திரீகளை அடித்துக் கொல்லுகிற கொடுமையைத் தடுக்க 1999இல் பீகாரில் தனிச்சட்டமே செய்யவேண்டியிருந்தது. ஜார்க்கண்டிலும் 2001இல் அதே சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கொலைகள் நின்றபாடில்லை. அந்த ஊர்களில் ஒரு வீட்டிலாவது, "கண்ணால் பார்த்ததற்கு வேறு காரணம் இருக்கக்கூடாதா?" என்று கேட்கிற ஒரு ஆள் இருந்திருந்தால் ஓர் உயிராவது பிழைத்திருக்கும்.

புராணத்திலும் துப்பறியும் கதை உண்டு. உத்தரகாண்டத்தில் இருக்கிறது. ஒரு பிராமணனுடைய பையன் இறந்துபோகிறான். தகப்பன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்து அழுகிறான். இராமன் என்ன செய்திருக்கவேண்டும்? பையனுக்கு என்ன நோய், என்ன சாப்பிட்டான், பாம்பு தீண்டியதா, எந்த வைத்தியன் பார்த்தான் என்று கேட்டிருக்கவேண்டும். ஒரு கேள்வி கிடையாது. நாரதன், "எங்கோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான், அதனால்தான்" என்கிறான். உடனே புஷ்பக விமானத்தில் ஏறிப் போய்த் தேடுகிறான் இராமன். தலைகீழாகத் தொங்கித் தவம் செய்துகொண்டிருந்த சம்பூகனைக் கண்டு, "நீ என்ன ஜாதி?" என்று கேட்கிறான். விசாரணை முழுவதும் அந்த ஒரு கேள்விதான். அவன் உள்ளதைச் சொன்னான், தலை போயிற்று. பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். இந்தக் கதையை நாக்ஸ் பாதிரியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், "முதல் பக்கத்திலேயே மோசடி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சிலப்பதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொற்கொல்லன் சொன்னதை மாத்திரம் நம்பி, விசாரியாமல் கோவலனை வெட்டச் சொல்லிவிடுகிறான் பாண்டியன். கண்ணகி வந்து, "என் சிலம்பில் இருப்பது மாணிக்கம், உன் மனைவியின் சிலம்பில் இருப்பது எது?" என்கிறாள். முத்து என்கிறான். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. இதுதான் ருஜு! பக்தி வேண்டாம், வரம் வேண்டாம். உடைத்துப் பார், தெரியும் என்கிற இடம். அந்த நூலில் நமக்குப் பிடித்த இடம் அது ஒன்றே. அதோடு நின்றிருக்கக்கூடாதா? மார்பைத் திருகி எறிந்து ஊரைக் கொளுத்தி, பார்ப்பாரையும் பசுவையும் விட்டுவிட்டு எரி என்று நெருப்புக்கே ஜாதி சொல்லிக் கொடுத்து எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டார்கள்.

அன்றியும், மனுதர்மம் எட்டாம் அத்தியாயத்தில், மற்றவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்படும் குற்றத்துக்கு பிராமணனுக்குத் தலையைச் சிரைத்துவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறது. துப்பறியும் கதையிலோ சந்தேகத்துக்குரியவர்கள் என்று ஒரு ஜாபிதா போட்டால், சமையற்காரனும் தோட்டக்காரனும் இருக்கிற அதே ஜாபிதாவில் பிரபுவும் டாக்டரும் நீதிபதியும் பாதிரியாரும் இருக்கிறார்கள். அகதா கிறிஸ்டி என்னும் அம்மையார் அறுபத்தாறு துப்பறியும் நாவல்கள் எழுதினார். அவற்றில் மிஸ் மார்ப்பிள் என்று ஒரு கிழவி வருகிறாள். 1930இல் அவளை வைத்து முதல் நாவல் வந்தது. கல்யாணமாகாதவள், ஒரு சின்னக் கிராமத்தில் கம்பளி நூல் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். போலீசார் அவளை லட்சியம் செய்வதில்லை. ஆனால் கடைசியில் உண்மையைச் சொல்லுகிறவள் அவள்தான். நமது நாட்டில் கல்யாணமாகாத கிழவியும் புருஷனை இழந்தவளும் எதிரே வந்தால், அபசகுனம் என்று சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறார்கள். ஒரு கிழவியின் மூளையைப் பார்த்து ஒரு கிராமமே வாயடைத்து நிற்பதை நமது பெண்கள் ஓய்வு நேரத்தில் படிப்பது இயக்கத்துக்கு நஷ்டமா?

தமிழில் வந்தவை எல்லாம் இந்த யோக்கியதை உடையவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் இங்கிலீஷ் நாவல்களைத் தழுவிக் கட்டுக்கட்டாய் எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜு 1908இல் "ராஜாம்பாள்" எழுதித் துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். இவருடைய "சந்திரகாந்தா" ஒரு மடாதிபதியின் யோக்கியதையைச் சந்திக்கு இழுத்தது. 1936இல் சினிமாவாகவும் வந்தது. மடத்துக்குள் நடப்பதை நாம் மேடையில் சொன்னால் கல் வந்தது. அவர் கதையில் சொன்னார், ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல்களில் துப்பறிகிறவருக்குத் திகம்பர சாமியார் என்று பெயர். திருடனைப் பிடிக்கவும் ஒரு சாமியார்தான் வேண்டியிருக்கிறது போலும்! பெரும்பாலும் சாமியாரைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

தேவன் 1942இல் "ஆனந்த விகட"னில் எழுதிய துப்பறியும் சம்புவை மாத்திரம் தனியே சொல்லவேண்டும். சம்பு ஒரு பாங்கி குமாஸ்தா, அசடு. எங்கேயாவது தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். ஜனங்கள் அவரை மகா மேதாவி என்று கொண்டாடுவார்கள். நாக்ஸின் ஆறாவது கட்டளையை இதைவிட யாரும் மீற முடியாது. ஆனாலும் இதைப் படித்துச் சிரித்தவன், தன் ஊர்ச் சாமியார் திருநீறு கொடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் விட்ட சங்கதியைக் கேட்டால், சம்புவை நினைக்காமல் இருப்பானா?

பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வஸந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரின் விவேக் என்று பஸ் ஸ்டாண்டு கடைகளில் கொடிகட்டித் தொங்கியவை பல. இவற்றில் பெண்களை வர்ணிக்கும் ஆபாசமும் அவசரத்தில் எழுதிய கோளாறும் இல்லாமலில்லை. இவையெல்லாவற்றையும்விட மோசமானவை, மர்மக்கதை என்று அட்டையில் போட்டுக்கொண்டு உள்ளே நாடி ஜோசியத்தையும் சித்தர் சாபத்தையும் நாகதோஷத்தையும் அடைத்து விற்கிறவை. அவற்றை வேண்டுமானால் கமிட்டியார் சாக்கில் கட்டட்டும். கட்டுவதற்குமுன் பிரித்துப் பார்த்துக் கட்டவேண்டும் என்பதுதான் நமது கோரிக்கை. அட்டையில் ரத்தமும் கத்தியும் இருந்தது என்பதற்காக உள்ளே பார்க்காமல் கட்டியது மைக்காரன் செய்கிற வேலை.

"அப்படியானால் துப்பறியும் நாவல் படித்தவனெல்லாம் பகுத்தறிவுவாதியாகிவிடுவானோ?" என்று ஒரு தோழர் குறுக்கே கேட்டார். ஆகமாட்டான். படிப்பவன் கிடக்கட்டும், எழுதியவரே ஆகவில்லை. கானன் டாயில் வைத்தியப் படிப்புப் படித்தவர். ஹோம்ஸைக் கொண்டு எத்தனையோ பேய்க்கதைகளை உடைத்தெறிந்தவர். 1901இல் ஆரம்பித்து எழுதிய "பாஸ்கர்வில்" நாவலில், ஒரு குடும்பத்தையே சாபமாய்ப் பிடித்த நெருப்புக் கக்கும் பேய் நாய், கடைசியில் பாஸ்பரஸ் தடவிய சாதாரண நாய் என்றும், சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினன் செய்த வேலை என்றும் காட்டியவர். அப்பேர்ப்பட்டவர் பிற்காலத்தில் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி ஊரூராகப் பிரசங்கம் செய்தார். 1917இல் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சிறுமிகள் இருவர் தேவதைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டதாகக் காட்டினார்கள். டாயில் அதை நம்பி 1922இல் ஒரு புஸ்தகமே போட்டார். அந்தத் தேவதைகள் படப் புஸ்தகத்தைப் பார்த்து வரைந்து வெட்டியெடுத்துக் குண்டூசியில் குத்தி நிறுத்திய காகிதங்கள் என்று, கிழவிகளாகிவிட்ட அந்தச் சிறுமிகளே 1983இல் ஒப்புக்கொண்டார்கள்.

அதே 1922இல் ஹூடினி என்னும் பிரபல மாயவித்தைக்காரருக்கு, இறந்துபோன தாயார் எழுதியதாகச் சொல்லி ஒரு நீண்ட கடிதத்தை டாயிலின் மனைவியார் ஆவி வந்து எழுதிக் கொடுத்தார். கடிதத்தின் தலைப்பில் சிலுவைக் குறி. கடிதம் முழுவதும் இங்கிலீஷ். ஹூடினியின் தாயாரோ யூத குருவின் மனைவி. இங்கிலீஷ் சரியாகப் பேசத் தெரியாதவர். ஹோம்ஸாக இருந்தால் இதைப் பார்க்க அரை நிமிஷம் போதும். டாயிலுக்கு எட்டு வருஷம் கழித்துச் சாகிற வரைக்கும் தெரியவில்லை. மகனையும் தம்பியையும் இழந்த துக்கத்தில் இருந்த மனிதர் அவர். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கதைக்கு ஒரு புத்தியும் வீட்டுக்கு ஒரு புத்தியுமாக நமது தேசத்தில் ராக்கெட் விடுகிறவர்களே தேங்காய் உடைக்கும்போது, அவரை மாத்திரம் நொந்து என்ன பயன்?

ஆகவே, துப்பறியும் நாவல் மூடநம்பிக்கைக்கு மருந்து என்று நாம் சான்றிதழ் கொடுக்க வரவில்லை. இவ்வளவும் சொன்னபிறகு, நாம் தோழர்களிடம் கேட்க நினைத்தது வேறு ஒன்று. சந்தோஷத்துக்காகப் படிக்கிறவனிடம் ஏன் சான்றிதழ் கேட்கவேண்டும்? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் தறியில் நின்றவன், மில்லில் நின்றவன், படிப்பகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் சங்கர்லாலோடு டீ சாப்பிட்டால் யாருக்கு நஷ்டம்? அவனுடைய ஓய்வு நேரத்தை இதுவரை பஜனையும் உற்சவமும் எடுத்துக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு, "உன் புண்ணியத்துக்காக" என்றும் சொல்லின. நாமும் அதே நேரத்தை எடுத்துக்கொண்டு, "உன் அறிவு வளர்ச்சிக்காக" என்று சொல்லப்போகிறோமா? தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துப் படிக்கிறவனுக்குத்தான் நாளைக்கு நமது புஸ்தகத்தைக் கையில் எடுக்கவும் கை நீளும். அந்தப் படிப்பகத்தில் வாரத்துக்கு நாற்பது பேர் வந்துகொண்டிருந்ததாகவும், அலமாரி காலியான பிறகு பதினைந்து பேர்தான் வருவதாகவும் காவற்காரரே நம்மிடம் சொன்னார். தீர்மானத்துக்குக் கைதூக்கிய கமிட்டியார் இந்தக் கணக்கைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

சாக்குகளை இன்னும் பேப்பர்காரர் எடுத்துப் போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். தீர்மானத்தை ரத்து செய்து அலமாரியை நிரப்புவார்களானால், நம் வீட்டிலிருக்கிற முப்பது நாவல்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராயிருக்கிறோம். அவற்றில் ஏழெட்டில், நமக்கு முன்னால் படித்த எவனோ ஒரு மகாபாவி, கொலை செய்தவன் பெயரை முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். அதை மாத்திரம் ரப்பர் வைத்து அழித்துவிட்டுக் கொண்டுவருகிறோம்.